கோப்பித் துரைமார் கொடுத்த நீரூற்று

நகரமொன்று தன் பொதுப் பூங்காவில் நினைவுச் சின்னமொன்றை ஏற்று நிறுத்த இடங்கொடுப்பது, வெறும் நிலத்தைக் கொடுப்பதன்று. அந்தச் சின்னம் சொல்லும் செய்தியைத் தன் செய்தியாக அது ஏற்றுக்கொள்கிறது. தனி மனிதன் தன் வீட்டு முற்றத்தில் எந்தத் தூணை வேண்டுமானாலும் நிறுத்தட்டும். அதைப்பற்றி நமக்குப் பேச்சில்லை. பூங்காவில் நிற்பதோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறது. பாடநூலைத் திருத்தக் குழு அமைக்கிறோம். பூங்காவில் நிற்கும் கல்லைத் திருத்திப் படிக்க எவரும் குழு அமைப்பதில்லை. ஆகவே அத்தகைய சின்னமொன்றை ஒரு நூலைப் படிப்பதுபோலப் படித்து, அது சொன்னதையும் சொல்லாது விட்டதையும் ஆராய்வது இலக்கிய விமரிசனத்தின் எல்லைக்குள் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம்.

கண்டி நகரில் ஜோர்ஜ் ஈ. டி சில்வா பூங்காவிலே நீரூற்றொன்று நிற்கிறது. வேல்ஸ் இளவரசர் அல்பர்ட் எட்வர்ட், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னராக முடிசூடியவர், 1875ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கண்டிக்கு வந்தார். அவ்வருகையின் ஞாபகார்த்தமாக இலங்கையின் கோப்பித் தோட்டத் துரைமார் எழுப்பிய ஊற்று அது. அதிலுள்ள வாசகமும் இதையே சொல்கிறது. யார் வந்தார், எப்போது வந்தார், யார் கொடுத்தார் என்ற மூன்றே செய்திகள். மிகையான அடைமொழி கிடையாது, துதி கிடையாது. நம் கவியரங்கக் கவிஞர் சிலர் இந்தச் சொற்செட்டைக் கற்றுக்கொள்வது நல்லது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் செட்டான வாசகத்தைத்தான் கவனமாகப் படிக்கவேண்டும். சொல் குறையக் குறைய, மிஞ்சி நிற்கும் ஒவ்வொரு சொல்லும் பாரம் சுமக்கிறது.

இங்கே பாரம் சுமக்கும் சொல் 'பிளாண்டர்' என்பது. அதன் நேர்ப்பொருள் நடுபவன் என்பதே. ஆங்கிலத்தில் அது தோட்டத்தை உடையவனையும் அதை நடத்தும் துரையையும் குறிக்க வழங்குகிறது. காடழித்தவன், குழி வெட்டியவன், கன்றைக் கொண்டுபோய் நட்டவன், களை பிடுங்கியவன், பழம் பறித்தவள், மூட்டை சுமந்தவன் ஆகிய எவரும் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார்கள். நட்டவர் ஒருவர், 'நடுபவர்' என்ற பெயரைப் பெற்றவர் வேறொருவர். நம் மக்கள் இந்த மயக்கத்துக்கு ஒருபோதும் ஆளானதில்லை. அவர்கள் வாயில் அவர் 'துரை', அவ்வளவுதான். நடுகிற வேலையைத் துரையோடு சேர்த்துப் பேசும் வழக்கம் லயத்துப் பேச்சிலே இல்லை. மொழியறிவில்லாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இந்த இடத்தில் மொழியைச் சரியாகவே கையாண்டிருக்கிறார்கள்.

'நடு' என்ற வினைக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. கன்றை நடுவதும் நடுதலே, கல்லை நடுவதும் நடுதலே. போரில் வீழ்ந்தவனுக்குக் கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையியலிலே கூறுகிறது: கல்லைத் தேர்ந்து காண்பது, கால்கோள் செய்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என ஒன்றன்பின் ஒன்றாக ஆறு படிகள். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் காதைதோறும் ஏறத்தாழ இதே ஒழுங்கில் நடப்பதை மேல்வகுப்பு மாணவரும் அறிவர். இம்முறையின் நோக்கம் யாது? இறந்தவனின் பெயரையும் அவன் செய்ததையும் அவனுடைய கல்லிலே பொறித்து, அந்த வழியாக வருவோர் போவோர் அறியச் செய்தல். கல்லுக்கு உரியவன் இறந்தவன். எடுத்தவன் இரண்டாம் இடத்தவனே.

கண்டி ஊற்றிலே இது தலைகீழாகியிருக்கிறது. வந்துபோன விருந்தினன் பெயரும், கொடுத்தவர் கூட்டத்தின் பெயரும் இருக்கின்றன. அந்தக் கோப்பிக்காக மாண்டவர்க்கு அங்கே இடமில்லை. சிலப்பதிகாரத்தை ஒப்பிடும்போது நமக்குள்ளேயும் ஒரு நெருடல் எழத்தான் செய்கிறது. கண்ணகிக்கு எடுத்த கல்லை இமயத்திலிருந்து சுமந்து வந்தவர் யார்? தோற்ற மன்னர் கனகனும் விசயனும். வென்றவன் கல் நட்டான், தோற்றவன் தலை அதைச் சுமந்தது. அந்தக் காப்பியத்தின் பெருமையை நாம் எத்தனை மேடைகளில் பாடினாலும் இந்த உண்மையை மறைக்க முடியாது. ஆனால் இளங்கோ அதை மறைக்கவில்லை. சுமந்தவர் பெயரை எழுதிவைத்தார்; அவர்களைச் செங்குட்டுவன் பின்னர் விடுவித்ததையும் எழுதினார்; கோயிலுக்கு வந்த வேந்தருள் இலங்கைக் கயவாகுவும் ஒருவன் என்பதையும் எழுதினார். கோப்பித் துரைமாரின் வாசகத்துக்கு அந்த அளவு நேர்மைகூட இல்லை.

அடுத்து, ஊற்று என்ற உருவத்தை எண்ணிப் பார்ப்போம். ஊற்று நீரைச் சொரிவது. கோப்பித் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்த வழியோ நீரற்ற வழி. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து நடந்து கடற்கரைக்கு வந்து, தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைவரை கால்நடையாக வந்தார்கள். தாகமும் பசியும் வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களை வழியிலேயே வீழ்த்தின. விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர் நடந்தனர். 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று, அந்தப் பத்தாண்டுக்குள் மாண்ட கூலிகளின் தொகை 70,000 இருக்கலாமென்று மதிப்பிட்டது. அந்தக் கணக்கு மிகையென்பாரும் சரியென்பாரும் வரலாற்றாசிரியருள் இன்றுமுண்டு. எண்ணைப்பற்றி வாதிடட்டும். அந்தப் பாதையிலே எலும்புகள் கிடந்தன என்பதில் எவருக்கும் வாதமில்லை.

இளவரசர் பயணத்தின் மறுபாதியையும் பார்க்கவேண்டும். இலங்கையிலிருந்து அவர் தூத்துக்குடியில் இறங்கி, மதுரை, திருச்சி வழியாகச் சென்னை சென்றார். கூலிகள் வந்த நாட்டுக்குள்ளேயே அவர் போனார் என்பது பொருள். வழியெங்கும் தோரணமும் வாணவேடிக்கையும் இருந்தன. அடுத்த ஆண்டு தாது வருடம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய அந்தப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். தப்பியவருள் பெருந்தொகையினர் இந்தத் தீவின் மலைகளை நோக்கி வந்தனர். தோட்டங்களுக்கு ஆள் பஞ்சம் தீர்ந்தது. ஒரு நாட்டின் சோற்றுப் பஞ்சம் இன்னொரு நாட்டின் ஆள் பஞ்சத்தைத் தீர்த்தது என்பதைத் தோட்ட வரலாறு எழுதுவோர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வரியிலே எத்தனை குடும்பங்கள்!

கொடுத்தவர்களின் செல்வம் எவ்வளவு காலம் நிலைத்தது? 1869இலேயே கோப்பி இலையில் செந்துரு போன்ற நோய் கண்டுவிட்டது. விலை உயர்வு அந்த நோயைச் சில ஆண்டுகள் மறைத்தது. ஊற்றை எழுப்பிய காலம் அந்த மறைப்பின் காலம். பத்தாண்டு போகுமுன் கோப்பி சரிந்தது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. துரைமார் பலர் ஊர் திரும்பினர். கூலிகளுக்குச் சம்பள பாக்கி நின்றது. கொடுத்தவர்களின் தொழில் மறைந்தபின்னும் அவர்கள் கொடுத்தது நிற்கிறது. மலை வேறு பயிருக்கு மாறியது. மலையிலே நடுகிற கைகள் மாறவில்லை.

இங்கே நகரத்தின் பங்கை விட்டுவிடலாகாது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கண்டிக்கு நகரசபை ஏற்பட்டிருந்தது. ஊர் மக்களின் பெயரால் பேச ஒரு சபை இருந்தது என்றாலும், அதிலே மலைத்தோட்டத்து ஆளுக்குக் குரல் ஏது? கொடுப்பவனும் ஏற்பவனும் ஒரே மேசையில் உட்கார்ந்து விருந்துண்பவர்களாக இருக்கும்போது, 'நன்கொடை' என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிடுகிறது. வலக்கையில் இருந்ததை இடக்கைக்கு மாற்றுவதை எவரும் தானம் என்பதில்லை.

எல்லா நன்கொடையும் இத்தகையதே என்று நாம் சொல்ல வரவில்லை. அதே கண்டியில், சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் அருகே நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பாருங்கள். ஹாஜி இஸ்மாயில் என்ற வணிகர், 1947இல் விபத்தொன்றில் இறந்துபோன தம் மகனின் நினைவாக அதைக் கட்டி நகருக்குக் கொடுத்தார். பேராதனைப் பல்கலைக்கழகக் கட்டடங்களை வகுத்த ஷேர்லி டி அல்விஸ் அதன் வடிவத்தை வரைந்தார். 1950 டிசம்பரில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க திறந்து வைத்தார். இதுவும் செல்வர் ஒருவர் கொடுத்ததே. ஆயினும் இங்கே நினைக்கப்படுபவன் இறந்த பிள்ளை. கொடுக்கப்படுவது நேரம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவரும் தோட்டத்து மனிதனும் தலைநிமிர்ந்து பார்த்தால் மணி தெரியும். தந்தையின் துயரம் ஊருக்குப் பயன்படும் பொருளாக மாறியிருக்கிறது. வட்டாரக் கட்டடக் கலையின் சாயல் அதிலே இருப்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நடுகல் மரபுக்கு எது கிட்டியது என்று கேட்டால், தயங்காமல் இந்தக் கோபுரத்தையே சுட்டுவோம்.

கண்டியின் மஹய்யாவ மயானத்தில் உள்ள மற்றொரு கல்லும் நம் விசாரணைக்குரியது. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை அது. தேயிலை, சிங்கோனாத் தொழில்களின் முன்னோடி என்று அதிலே பொறித்திருக்கிறார்கள். ஸ்கொட்லாந்திலிருந்து பதினேழு வயதில் வந்து, ஒருமுறைகூட ஊர் திரும்பாமல் மலையிலேயே வாழ்ந்து, 1892இல் ஐம்பத்தேழாம் வயதில் இறந்த அம்மனிதரை இழித்துப் பேசுவது நம் நோக்கமன்று. 1891இல் தோட்டத் துரைமார் அவருக்கு வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களைப் பரிசளித்தார்கள். அடுத்த ஆண்டே கம்பனி அவரை வேலையிலிருந்து நீக்கியது. முதலாளித்துவம் தன் முன்னோடிக்குக் கொடுத்த மரியாதை அது. அவரும் ஓர் ஊழியர்தானே! இறந்தபின் அவர் உடலை மலையிலிருந்து கண்டிவரை தோளில் சுமந்தவர் தோட்டத்து ஆட்கள். பாரம் மிகுதியாதலால் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரு கூட்டம் மாறி மாறிச் சுமந்ததாகச் சொல்வர். கங்காணிமாரும் தொழிலாளரும் 'சாமித் துரை' என்று அழைத்து அழுதபடி பின்னால் நடந்தார்களாம். சுமந்த இருபத்துநால்வரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பெயர் கிடைக்காமையால் எழுதவில்லை என்று சமாதானம் சொல்ல வருவோர்க்கு ஒரு வார்த்தை. தோட்டத்தைப் போலப் பெயர்களைப் பதிந்து வைத்த இடம் வேறில்லை. நாள்தோறும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்பட்டது. செக்றோலில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே அரைப்பேரும் முழுப்பேரும் குறிக்கப்பட்டன. 'பேர்' என்பதே தோட்டத்தில் ஒருநாள் கூலிக்குரிய வேலையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. மண்டபம் முகாமைக் கடந்துவந்த ஒவ்வொருவரையும் பதிந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர் கழுத்தில் எண் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. கடனை அறவிடுவதற்குப் பெயர் இருந்தது. கல்லில் எழுதுவதற்குத்தான் இல்லாமல் போயிற்று.

இந்தக் குறையை முதலில் கலையாக்கியவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை தேயிலைத் தோட்டத்தைப்பற்றியது. சக்தீ அ. பாலஐயா அதைத் தமிழாக்கினார். தேயிலைச் செடியின் அடியிலே, நினைவுக் கல்லேதும் இன்றிப் புதைந்து கிடப்போரைப்பற்றிய புலம்பல் அதன் உயிர்நாடி. பாடசாலையில் பாடமாக வரும்போது மாணவர் அதைச் சோகக் கவிதை என்று எழுதிவிட்டு மதிப்பெண் பெறுகிறார்கள். நம் கருத்தில் அது நடுகல். கல்லெடுக்க இடம் மறுக்கப்பட்டவன் சொல்லெடுத்து நட்டது. அவர் பின்னாளில் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டியதும் இதே பணியின் தொடர்ச்சிதான். அப்பாடல்களில் துரையின் பெயர் வருகிறது, கங்காணியின் பெயர் வருகிறது, தோட்டத்தின் பெயர் வருகிறது. அவர்களை நோக்கிய ஏசலும் நகையும் வருகின்றன. எழுத்தறியாத பெண்கள் தங்கள் காலத்தின் கல்வெட்டைத் தொண்டையிலே வைத்துக் காத்தார்கள்.

இப்பொழுது எதற்கு இந்தப் பழைய ஊற்றைப்பற்றிய பேச்சு என்று வாசகர் கேட்கலாம். மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை 2023இல் நாடு நினைவுகூர்ந்தது. அவ்வாண்டு ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் வந்த வழியே ஒரு நடைபவனி நிகழ்ந்தது. அதன்பின் சிலை வைப்போம், தூண் எழுப்புவோம் என்ற பேச்சு மலையகத்து மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. நல்லதுதான். ஆனால் கொடையாளி எப்படியும் கிடைப்பார். எதை ஏற்பது, எதை மறுப்பது என்ற விமரிசன அளவுகோல் கிடைப்பதுதான் அரிது.

கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கும் பெண்ணின் உருவம் ஒன்று இருக்கிறதே, தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் நாம் அன்றாடம் காண்பது, அதைத்தான் முதலில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை ஏற்பதற்கு நகரம் விரையும், புகைப்படத்துக்கு அழகு. அந்த உருவத்திலே பாரமில்லை. கூடை நிறைந்தால் என்ன எடை, அது நெற்றியிலும் கழுத்திலும் என்ன செய்யும், மழையில் சரிவில் நிற்கும் கால் எப்படி ஊன்றும் என்பதொன்றும் அந்தச் சிற்பிக்குத் தெரியாது. சென்னைக் கடற்கரையில் 1959 ஜனவரியில் நிறுவப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். முகத்தைப் பார்க்குமுன் நம் கண் அவர்களின் முதுகையும் தொடையையும் பார்க்கிறது. அங்கே உழைப்பு எடையாக நிற்கிறது. அந்தச் சிலைக்கும் நம்மிடம் ஒரு குறை உண்டு: நால்வரும் ஆண்கள். மலையகத்துக்கு அப்படியே பெயர்த்தெடுத்தால் பொய்யாகிவிடும். இங்கே மலையைத் தாங்கி நிற்பவள் பெண்.

நம்மவர் கொடுப்பதிலும் நோயில்லாமல் இல்லை. கோயில் மண்டபத்துக் குழல்விளக்கில் 'உபயம்' என்று பெரிதாக எழுதிப் பாதி வெளிச்சத்தை மறைக்கும் மரபு நம்முடையது. தொழிற்சங்கத் தலைவர் சிலையின் பீடத்தில் திறந்து வைத்த அமைச்சரின் பெயர் தலைவரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருப்பதை நாம் காணாமலா இருக்கிறோம்? துரைமாரின் வாசகத்தைக் குறைகூறும் அதே நாவினால் இதையும் சொல்லியாக வேண்டும். வர்க்கம் மாறினாலும் வாசகத்தின் இலக்கணம் மாறாமல் நிற்கிறது.

வேறு வழியும் உலகில் நடந்து காட்டப்பட்டிருக்கிறது. பிரான்சிய மக்கள் கொடுத்த சுதந்திர தேவி சிலையை ஏற்க நியூயோர்க் நகரத்தார் தடுமாறினர்; பீடத்துக்குப் பணமில்லை. 1885இல் 'வேர்ல்ட்' என்ற பத்திரிகை வேண்டுகோள் விடுத்தது. கொடுத்தவர் எவராயினும், தொகை எவ்வளவு சிறிதாயினும், பெயரைப் பத்திரிகையில் அச்சிடுவதாக வாக்களித்தது. 1,20,000 பேருக்கு மேல் கொடுத்தனர். பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டொலருக்கும் குறைவு. ஓராயிரமல்ல, இலட்சம் டொலரைத் தாண்டியது. அந்தப் பத்திரிகையும் விற்பனையைப் பெருக்கிக்கொண்டது என்பதை மறுப்பதற்கில்லை. இருந்தும் சில்லறை கொடுத்தவனுக்கும் அங்கே பெயர் இருந்தது.

மலையகத்துக்கான கல் ஒன்று எழுமானால் அதிலே யார் பெயரை எழுதுவது என்று கேட்பாருக்குத் தேடித் திரியவேண்டிய தேவையில்லை. 1940 ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில் கூலியுயர்வு கேட்ட போராட்டத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தன் இருக்கிறான். முல்லோயா இருப்பதும் லூல்கந்துர இருப்பதும் அதே ஹேவாஹெட்டைப் பக்கத்து மலைகள்தாம். தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில் வீழ்ந்த சிவனு லெட்சுமணன் இருக்கிறான். கல் ஏற்கெனவே போதாது. கம்பளைக்கப்பால் பழைய பீக்கொக் தோட்டத்து லயமொன்றில் 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைத்த தொழிலாளர் அரும்பொருளகத்தில், கல்லுக்கு மாறாக உரலும் கவ்வாத்துக் கத்தியும் பழைய கடிதங்களும் நினைவுச் சின்னமாக இருக்கின்றன. யாரும் திரைவிலக்க வேண்டாத சின்னங்கள்.

கடைசியாக, ஊற்று நிற்கும் பூங்காவின் பெயரைப்பற்றி. ஜோர்ஜ் ஈ. டி சில்வா கண்டியின் அரசியல்வாதி. சட்டசபையிலும் மந்திரிசபையிலும் இருந்தவர். அவருடைய மனைவி அக்னஸ் டி சில்வா பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முன்னணியில் நின்றவர். 1928இல் டொனமூர் ஆணைக்குழுவின்முன் அவர் சாட்சியமளித்தபோது, தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று கேட்டார்கள். அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற பொருளில் அவர் தயக்கமின்றி விடையளித்தார். 1931இல் வாக்குரிமை வந்தது. தோட்டத்தவருக்கு அதிலே பல தடைகள் வைக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதற்கடுத்த ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் அந்த வாக்கையும் பறித்தன. 1964இல் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென இரு பிரதமர்கள் கையொப்பமிட்டனர். எஞ்சியோர்க்குச் சட்டம் வழிவிட 2003 ஆயிற்று.

இளவரசருக்கு எடுத்த ஊற்றருகே இந்த ஒரு விடையைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொறித்த சிறு பலகையொன்றை வைக்குமாறு கண்டி மாநகரசபைக்கு எழுத வாசகர் எவரேனும் முன்வருவாராயின், கையொப்பமிட நாமும் வருவோம். பழைய ஊற்றை இடிக்கும்படி நாம் கேட்கவில்லை. சென்னையில் நீல் துரையின் சிலையை 1937இல் அகற்றியதற்கு நியாயம் இருந்தது. அவன் கை இரத்தக்கறை படிந்த கை. இந்த ஊற்று அங்கேயே நிற்கட்டும், 'நடுபவர்' என்று எழுதிய எழுத்தோடு. பலகையின் எழுத்து மட்டும் அதைவிடச் சிறிதாயிருக்கவேண்டாம்.